இறக்கத்தில் எந்தக் கையைப் பிடிப்பது

நிரோஷன்,

நீ பொலன்னறுவைக்குப் போய் ஐந்து நாளாகிறது. இடம் பிடித்திருக்கிறது, வெயில்தான் தாங்க முடியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும்போது, "ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாய். குளிர் என்றேன். அதற்கு முந்தின ஞாயிறு ஹனிபா நானாவின் கடையில் எல்லோர் முன்னாலும் நான் ஒரு பொய் சொன்னேன். அதை நம்பி நீ எனக்காக வாய் திறந்து பேசினாய். அந்த நாளிலிருந்து உன் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல்தான் அப்படி இருந்தேன். கை ட்ராக்டர் ஓட்டிய செல்வத்தின் கால் போனதற்கும், அவர் பெயர் கெட்டதற்கும் காரணம் யார் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இது உனக்கு மட்டும் உரிய கடிதமாக இருக்காது. ஏன் என்பதை முடிவில் சொல்கிறேன்.

அன்றைக்குக் கடையில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். உர மூட்டைகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீ போகப்போகும் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். நெல் அறுக்கும் அந்தப் பெரிய இயந்திரத்தில் இப்போது கியர் மாற்றும் வேலையே இல்லை, ஒரே ஒரு லீவர்தான், முன்னால் தள்ளினால் முன்னால் போகும், பின்னால் இழுத்தால் பின்னால் வரும், ட்ராக்டரிலும் அதேமாதிரி வந்துவிட்டது என்று நீ விளக்கினாய். மணியம் விடவில்லை. "கியரு இல்லாட்டி நாங்க கையை எங்கடா வைக்கிறது, இடுப்புச் சாரத்துக்குள்ளயா?" என்றார். "அந்த மிசினை நம்ம மலையில விட்டா நேரா கொத்மலை டேம்லதான் போயி நிக்கும்" என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது செல்வம் கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி. சின்ன மிசின்லயும் இந்த எண்ணெய் சிஸ்டம்தானே? எறக்கத்துல எப்படி? பழைய மாதிரி கையை மாத்திப் புடிக்கணுமா?"

நீ அவர் பக்கம் திரும்பினாய். பிறகு, "இல்ல மாமா. எறக்கத்துலயும் நேராத்தான் புடிக்கணும். மாத்திப் புடிச்சா ஆபத்துன்னு புக்குலயே படம் போட்டிருக்கு. அன்னைக்கு நீங்க எடுத்துட்டுப் போன மிசினும் இந்தச் சாதிதான். அதோட புக்குலயும் இருந்திருக்கும்" என்றாய். செல்வம் உன்னைப் பார்க்கவில்லை. வாத்தியாரான என்னைப் பார்த்தார். "அந்தப் புக்கை சேர்தானே வாசிச்சாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான், "அந்தப் பக்கம் என் கண்ணுல படல்ல" என்றேன். நீ உடனே, "அப்பா பார்த்திருந்தா சொல்லியிருப்பாரு மாமா" என்றாய். செல்வம் தலையை ஆட்டி, "அதுவும் சரிதான்" என்றார்.

என் கண்ணில் பட்டது. இரண்டு தடவை வாசித்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்பு நான் எப்படிப்பட்ட மனிதனாக இருந்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த வருடம்தான் எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவி வேறொருவருக்குப் போனது. அவர் என்னைவிட ஒன்பது வருடம் பிந்தி வேலைக்கு வந்தவர். நேர்முகப் பரீட்சைக்கு நான் சான்றிதழ்களைக் கொண்டு போனேன், அவர் ஓர் அரசியல்வாதியின் கடிதத்தைக் கொண்டு வந்தார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையாகப் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, பட்டம் வாங்கி, கடைசியில் நான் படிப்பித்த பிள்ளைகள் முன்னாலேயே ஒரு நாற்காலி பின்தள்ளி உட்கார வைக்கப்பட்டேன். அதே வருடம், ராகலைக்கு மேலே நாம் குத்தகைக்கு எடுத்த துண்டில் உருளைக்கிழங்கு போட்டேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி செய்தேன். மழை வந்து, கருகல் நோய் வந்து, தோண்டியபோது கை வைத்த இடமெல்லாம் அழுகல். உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் அழுகினதைத் தனியாகவும் நல்லதைத் தனியாகவும் பிரித்தாள். நல்லது ஒரு கூடைகூடத் தேறவில்லை. அந்த மௌனத்தையும் நான் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டேன். அப்போது யார் எதைச் சொன்னாலும் எனக்கு அது குத்தலாகவே கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் மரக்கறி விவசாயிகள் சங்கத்துக்குக் கம்பெனிக்காரர்கள் ஒரு புது இரண்டு சக்கரக் கை ட்ராக்டரைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடை வாசலில் அதை நிறுத்தி வைத்து, சந்தைக்குக் கொண்டுவந்த மாட்டைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. "சேரைக் கூப்பிடுங்க" என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பல மாதமாக யாரும் எதற்கும் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னேன். இதில் பல் சக்கரம் மாற்ற வேண்டியதில்லை, எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் சக்கரத்தைச் சுற்றுகிறது என்றேன். ஹனிபா நானா, "தேங்காண்ணெயா, நல்லெண்ணெயா சேர்?" என்று கேட்டார். "நல்லெண்ணெய்னா நானா சனிக்கெழம தலைக்கு வச்சுக் குளிச்சிருவாரு, மிசின் ஓடாது" என்றார் செல்வம். நானும் சிரித்தேன். அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நம் மலையில் ஓட்டுகிறவர்களின் கைப்பழக்கம் உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தைத் தெரியாதவர்களும் கேட்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். பழைய கை ட்ராக்டரில் இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு கிளச் உண்டு. இடது பக்கத்தைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு எஞ்சினின் வலு போகாது. வலது சக்கரம் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையிலும் ஏற்றத்திலும் இப்படித்தான். இறக்கத்தில் இது தலைகீழ். அங்கே எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது கிளச்சைப் பிடித்தால் இடது சக்கரம் கட்டவிழ்ந்து முந்தி ஓடும், வண்டி வலப்பக்கம் திரும்பும். அதனால் நம் ஆட்கள் செங்குத்தில் இறங்கும்போது கையை மாற்றிப் பிடிப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை. பாதை கீழே சாயும்போது கை தானாக மாறிவிடும். கீழ்நாட்டு வயலில் ஓட்டுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. செல்வத்துக்கு இருபது வருடப் பழக்கம். பிரேக் இல்லாத வண்டியைக்கூட மேட்டுத் தோட்டத்திலிருந்து கீழே கொண்டுவந்து ரோட்டில் சேர்க்கிற ஆள் அவர்.

புதிய இயந்திரத்தில் அந்தக் கிளச் இல்லை. பிடித்த பக்கத்துச் சக்கரத்தை எண்ணெய் தடுத்து நிறுத்தும். ஏற்றமானாலும் இறக்கமானாலும் பிடித்த பக்கமே திரும்பும். புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு சரிவின் படம் இருந்தது, கறுப்பு முக்கோணம் இருந்தது, கையை மாற்றிப் பிடிக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தது. முதல் தடவை வாசித்தபோதே இது நம் ஆட்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது யாரோ, "சேருக்கு மிசினைப் பத்தி எல்லாம் தெரியுதே" என்றார்கள். செல்வம், "ஏன் தெரியாது? சேர் புக்குல உழுவாரு, நாம மண்ணுல உழுவோம். புக்குல போட்ட கெழங்கு மொளைச்சிச்சா சேர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் நிறுத்தவில்லை. "பிரின்சிபல் கதிரைக்கும் புக்கைப் பார்த்துத்தானே போனாரு, பாவம்" என்றார்.

அந்தப் "பாவம்" என்ற சொல் இன்னும் எனக்குள் இருக்கிறது. அவர் அப்படிச் சொன்னது தவறுதான். ஆனால் அடுத்த நிமிடமே அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு என்னிடம் கேட்டார்: "சரி சேர், கோவிச்சுக்காதீங்க. எறக்கத்துல கையை மாத்தித்தானே புடிக்கணும்?" புத்தகம் என் கையில் அதே பக்கத்தில் திறந்திருந்தது. நான் குனிந்து இரண்டாவது தடவை வாசித்தேன். பிறகு மூடினேன். "நீங்க இருவது வருச அனுபவசாலி. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றேன். மறுபடியும் சிரிப்பு, இந்த முறை அவரைப் பார்த்து. எனக்குத் திருப்தியாக இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதும் அந்தத் திருப்தி இருந்தது. அவருக்கு ஏதாவது நடக்கட்டும் என்று நான் நினைக்கவில்லை. வண்டி எதிர்ப்பக்கம் திரும்பி, அவர் திண்டாடி, பிறகு என்னிடமே வந்து கேட்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வந்து கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் மேட்டிலிருந்து லீக்ஸ் மரக்கறிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது வளைவில் இடப்பக்கம் மண்மேடு, வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் கை பழகினபடி வலது பக்கத்தைப் பிடித்தது. இயந்திரம் புத்தகத்தில் எழுதியிருந்தபடியே வலப்பக்கம் திரும்பியது. அது திரும்பத் திரும்ப அவர் இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார். வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது, பின்னால் பூட்டியிருந்த ட்ரெய்லர் அவர் காலின் மேல் விழுந்து கால் போனது. நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு நெம்புகோல் படிப்பித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கும் மேலே ஒன்று செய்தேன். அடுத்த நாள் கடையில், "எப்படி சேர் இது? கண்ணைக் கட்டிவிட்டாலும் எறங்குற ஆளாச்சே" என்று மணியம் கேட்டபோது, புத்தகத்தைப் பற்றி யாரும் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்னால், "முந்தின நாள் ராத்திரி கல்யாண வீட்டுக்குப் போனவர்தானே. கண்ணு தெளிஞ்சிருக்காது" என்றேன். ஒரே வசனம். நான் இந்த ஊரில் படித்த மனிதன், குடிக்காத மனிதன். நான் சொன்னால் நம்புவார்கள். மாலைக்குள் அது லயம் முழுக்கப் போய்விட்டது. ஒரு வாரத்தில் சங்கத்தில் அவர் வண்டி தொடக்கூடாது என்று பேசினார்கள். ஓட்ட அவருக்குக் கால் இல்லை என்பது வேறு விடயம். இயந்திரமும் புத்தகமும் திரும்பிப் போய்விட்டன. "ஒருக்கா அவுங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்" என்று உன் அம்மா பல தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வேலை இருந்தது. எனக்குப் பதிலாக நீ போனாய். நுவரெலியா கிளினிக்குக்கு அவரை நீதான் பஸ்ஸில் ஏற்றி இறக்கினாய். நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று ஆட்கள் என்னிடம் சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

நீ அங்கே ட்ரைவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கப் போயிருக்கிறாய். உன்னைவிட இருபது வயது மூத்தவர்கள் வருவார்கள். சின்னப் பொடியன், மலைநாட்டான், வயலைக் கண்டிருக்கிறானா என்பார்கள். சிங்களத்தில் ஒன்று சொல்லிச் சிரிப்பார்கள், உனக்குப் புரியும். அவமானமாக இருக்கும். இருக்கட்டும். அவர்கள் கைக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது, அது முட்டாள்தனமல்ல, அவர்களை இவ்வளவு நாள் உயிரோடு வைத்திருந்த அறிவு அது. புதிய இயந்திரம் அந்த அறிவையே அவர்களுக்கு எதிராகத் திருப்பும். ஒருவன் உன் மனம் நோகப் பேசிய அதே நிமிடத்தில் உன்னிடம் கேள்வி கேட்டால், நோவைப் பிறகு பார்த்துக்கொள், முதலில் பதிலைச் சொல். பிறகு அவனோடு ஆயுள் முழுக்கப் பேசாமல் இரு, அது உன் உரிமை.

இதை எழுதத் தொடங்கியது செவ்வாய்க்கிழமை. பாதியில் நிறுத்திவிட்டு, உனக்கு முன்னால் அவருக்கு அல்லவா சொல்ல வேண்டும் என்று புறப்பட்டுப் போனேன். பின்னேரம். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்த வாசலில் நின்றேன். செல்வம், "வாங்க சேர், என்ன இந்தப் பக்கம்?" என்று எழும்பப் பார்த்தார். எழும்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். படம், முக்கோணம், இரண்டு தடவை வாசித்தது, கல்யாண வீடு, எல்லாம். முடிந்ததும் உள்ளே பார்த்து, "சரோ, இங்க வா" என்று கூப்பிட்டார். அவர் மனைவி சரோஜா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், நனையாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. "இவகிட்டயும் சொல்லுங்க சேர். முழுசா சொல்லுங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

சரோஜா என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. புருசனைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில நான் அந்த ஏச்சு ஏசினேனே. குடிகாரப் பாவின்னு எல்லாரும் கேக்கச் சொன்னேனே. ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருக்கலாமேங்க" என்றாள். செல்வம், "எனக்கே தெரியாதே புள்ள. கொஞ்சம் குடிச்சிருந்தேன்தானே. நானும் அதுனாலதான்னு நெனச்சேன்" என்றார். அவர் அன்றிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை என்பது உனக்குத் தெரியும். எதற்காகத் தொடவில்லை என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. ஏழு வருடம் அந்த மனிதர் தன் காலைத் தானே போக்கிக்கொண்டதாக நம்பித் தன்னைத் தண்டித்திருக்கிறார். கால் போனது என்னால் என்று நினைத்துத்தான் அங்கே போனேன். அதைவிடப் பெரியது ஒன்றை அவரிடமிருந்து எடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். சரோஜாதான் சொன்னாள்: "கடையில சொன்னதுதானே ஊரெல்லாம் போச்சு. கடையிலயே சொல்லுங்க சேர். எங்க வீட்டுக்குள்ள சொல்லி என்னா ஆகப்போகுது?" செல்வம், "விடு சரோ, வாத்தியாரு மனுசன், பேரு போயிரும்" என்றார். "உங்க பேரு போனப்ப யாரு விட்டா?" என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். அவர்கள் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றபடியே திரும்பி வந்தேன். அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

ஆகவே வருகிற ஞாயிறு பத்து மணிக்கு, எல்லோரும் இருக்கும் நேரம், இந்தக் கடிதத்தை ஹனிபா நானாவின் கடையில் நின்று சத்தமாக வாசிக்கப் போகிறேன். அவரிடம் கேட்டாயிற்று. "சேர், நல்லா யோசிச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் பக்கங்களைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கொடுக்கிறேன். ஞாயிறு மத்தியானம் உனக்கு அழைப்புகள் வரும். உன் அப்பாவுக்கு என்ன பைத்தியம் பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். எனக்காக ஒன்றும் பேசாதே. ஒருமுறை பேசினாய், போதும். "அப்பா பார்த்திருந்தா சொல்லியிருப்பாரு" என்ற அந்த வசனத்தை நீ திருப்பி எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. நான் வருத்தப்படமாட்டேன் என்று எழுத முடியாது, வருத்தப்படுவேன், ஆனாலும் எடுத்துக்கொள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு லீவு கிடைக்கும் என்றாய். வந்து இறங்கியதும் முதலில் செல்வம் வீட்டுக்குப் போ. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. நம் வீட்டுக்கு வருவதா என்பதை அங்கிருந்து எழும்பும்போது முடிவு செய்.

அப்பா